கடைசற்பொறிக்குச் சக் பொருத்தம் பார்த்தல்



தேய்ந்து பழுதான ஒரு பாகத்துக்கு மாற்றுப் பாகம் வாங்குவது பணம் இருந்தால் முடிந்துவிடும் காரியம் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். இயந்திரங்களைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் முழுவதும் சரியன்று. பணத்துக்கு முன்னே அளவு வேண்டும். அளவுக்கு முன்னே, எதனை அளப்பது என்ற தெளிவு வேண்டும். இத்தெளிவு இல்லாமையால், கப்பலேறி வந்த புதிய பாகங்கள் பெட்டியை விட்டு வெளியேறாமலே பட்டறை மூலைகளிற் கிடப்பதுண்டு. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டுக் கடைசற்பொறியின் சக் ஆகும். இன்றைய பேச்சுக்கு அதனையே பொருளாக எடுத்துக்கொள்கின்றேன்.

கடைசற்பொறி என நூல்களும், லேத் எனப் பட்டறைகளும் வழங்கும் பொறி, உலோகத் துண்டைச் சுழலச் செய்து, வெட்டுளி ஒன்றினால் அதனை உருளையாகவோ கூம்பாகவோ கடைந்து தருவது. சுழலும் துண்டைக் கவ்விப் பிடிக்கும் உறுப்பே சக். மூன்று தாடைகளும் ஒருங்கே நகர்ந்து துண்டைத் தாமாகவே மையப்படுத்தும் சக் ஒருவகை. நான்கு தாடைகளும் தனித்தனியே நகர்வது மற்றொருவகை. எவ்வகையாயினும், பொறியின் தலைப்பகுதியினுள்ளே சுழலும் தடித்த உருக்குத் தண்டாகிய ஸ்பிண்டிலின் முனையிலேதான் அது பூட்டப்படுகின்றது. இம்முனைக்கு ஆங்கிலத்தில் மூக்கு என்ற பொருளுடைய பெயர் வழங்குகின்றது. நாமும் அதனை மூக்கு என்றே அழைப்போம்.

பல ஆண்டுகள் உழைத்த சக்கின் தாடைகள் தேயும். தாடைகளை நகர்த்தும் உட்பற்களும் தேயும். பிடித்த துண்டு தள்ளாடத் தொடங்கும். அப்போது புதிய சக் வேண்டுமென்று கட்டளை எழுதப்படும். அக்கட்டளை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றது: “6 அங்குல மூன்று தாடைச் சக் ஒன்று.” பாடசாலை அதிபர் என்ற முறையில் இத்தகைய கட்டளைகளில் ஒப்பமிடும் கடமை எனக்கும் உண்டு. கலைப் பட்டதாரிக்கு லேத்தைப் பற்றி என்ன தெரியும் என நேயர்கள் வினவலாம். அந்த ஒரு வரி போதாது என்று உணர்வதற்குப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை, தமிழிலக்கணம் போதும். நிலைமொழியின் ஈறு யாதென அறியாமல் வருமொழியைப் புணர்த்த இயலுமோ? இங்கே மூக்கு நிலைமொழி, சக் வருமொழி. 6 அங்குலம் என்பது வருமொழியின் பருமனைக் கூறிற்றேயன்றி, அது எந்த ஈற்றோடு புணரும் என்பதைக் கூறவில்லை.

பொருந்தாத சக்கினால் விளையும் கேடு பண நட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. பல கிலோகிராம் நிறையுள்ள இரும்பு, நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழல்கின்றது. அது இரண்டொரு புரிகளிலே தொற்றிக்கொண்டு நின்றாலும், பூட்டு முளை ஒன்று முழுமையாகப் பிடிக்காமல் விட்டாலும், கழன்று பாயும் திசையில் நிற்பவன் ஒரு மாணவனாக இருக்கலாம். ஆதலால், சக் பொருத்தம் பார்த்தல் உயிர்க் காப்போடு தொடர்புடைய காரியம்.

மூக்குகளை நான்கு பெருங் குடும்பங்களாக வகுத்துக்கொண்டால் விடயம் எளிதாகும்.

முதலாவது, புரி மூக்கு. தண்டின் முனையில் வெளிப்புறமாகத் திருகுப் புரி வெட்டப்பட்டிருக்கும். சக், அல்லது சக்கின் முதுகிலே பூட்டிய பின்தட்டு, அதன்மேல் திருகி ஏற்றப்படும். பழைய சிறு லேத்துகளிற் பெரும்பாலானவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் 1946ஆம் ஆண்டு வெளிவந்த மைபோட் எம்.எல். 7 என்னும் லேத்தின் மூக்கு 1⅛ அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 12 புரிகளும் உடையது. அமெரிக்காவின் சவுத் பெண்ட் 9 அங்குல லேத்தின் மூக்கு 1½ அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 8 புரிகளும் உடையது.

புரி மூக்கில் அளக்க வேண்டியவை நான்கு. புரியின் வெளிவிட்டம் ஒன்று. அங்குலத்துக்கு எத்தனை புரி, அல்லது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே எத்தனை மில்லிமீற்றர் என்பது இரண்டு. புரியின் கோணம் மூன்று. புரிக்குப் பின்னால், புரியேயில்லாமல் வழுவழுப்பாக இருக்கும் கழுத்தின் விட்டமும் நீளமும் நான்கு.

இவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் பலராலும் மறக்கப்படுகின்றன. பிரித்தானியாவில் யோசப் விட்வேர்த் 1841இல் முன்வைத்த புரியின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்வைத்த புரியின் கோணம் 60 பாகை. இன்றைய மெற்றிக் புரிக்கும் அதுவே கோணம். விட்டமும் எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பினும் கோணம் வேறாயின், பின்தட்டு ஒருவேளை ஏறிக்கொள்ளும். ஆயினும் புரியின் பக்கங்கள் முழுவதும் படியாமல் விளிம்பிலே மட்டும் படியும். ஏறிவிட்டது என்ற காரணத்தால் பொருந்திவிட்டது என்று முடிவு செய்தல் பிழையாகும்.

அங்குலப் புரியையும் மெற்றிக் புரியையும் மயங்குதல் மற்றொரு பிழை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 12 புரி எனின், புரியிடைத்தூரம் ஏறக்குறைய 2.117 மில்லிமீற்றர் ஆகும். இதனை 2 மில்லிமீற்றர் எனக் கண்ணால் மதிப்பிடுதல் எளிது. ஆனால் பத்துப் புரிகள் செல்வதற்குள் வேறுபாடு ஒரு மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். இரண்டு மூன்று சுற்று ஏறியபின் பின்தட்டு இறுகி நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அப்போது பலங்கொண்டு திருகினால், கெடுவது மலிவான பின்தட்டு மட்டுமன்று; மாற்றுவதற்கு அரிய ஸ்பிண்டிலும் கெடும்.

இனிக் கழுத்தின் பெருமையைக் கூறவேண்டும். சக்கை மையத்தில் நிறுத்துவது புரியன்று. புரிக்கு எப்போதும் சிறிது தளர்வு உண்டு. அதன் வேலை இழுத்துப் பிடிப்பதே. மையத்தில் நிறுத்துவது வழுவழுப்பான கழுத்து. நேராக நிறுத்துவது கழுத்தின் முடிவிலுள்ள தட்டையான தோள். பின்தட்டு தோளைச் சென்று தொடாமல் நின்றால், சக் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். ஆகவே கழுத்தின் அளவு எழுதப்படாத கட்டளை அரைக் கட்டளையே ஆகும்.

புரி மூக்கிற்கு ஒரு குறைபாடும் உண்டு. வழக்கமான சுழற்சி சக்கை இறுக்கும். எதிர்த் திசைச் சுழற்சியும் சடுதியான நிறுத்தமும் அதனைக் கழற்றும். வேகமாக எதிர்ச்சுழற்சி செய்ய வேண்டிய வேலைக்கு இம்மூக்கு உகந்ததன்று. பின்வந்த குடும்பங்கள் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, நீண்ட கூம்பு மூக்கு. அமெரிக்க முறையில் இது எல் என்ற எழுத்தாலும், 00, 0, 1, 2 என்ற எண்களாலும் குறிக்கப்படும். முனை நீண்ட கூம்பாக இருக்கும். அதிலே ஓர் ஆப்புப் பதிந்திருக்கும். கூம்பின் பின்னால் ஸ்பிண்டிலிலே சுழலக்கூடிய பெரிய வளையச் சுரை ஒன்று உண்டு. கொக்கிச் சாவியால் வளையத்தைத் திருப்ப, அது சக்கின் முதுகிலுள்ள புரியைப் பற்றி உள்ளே இழுக்கும். கூம்பின் பருத்த முனையில் விட்டம் 2¾ அங்குலமாயின் எல் 00. 3¼ அங்குலமாயின் எல் 0. 4⅛ அங்குலமாயின் எல் 1. சுழற்றும் விசையை ஆப்புத் தாங்குவதால், எதிர்ச்சுழற்சியில் சக் கழன்றுவிடும் அச்சம் இங்கே இல்லை.

மூன்றாவது, குறுங் கூம்பு மூக்கு. பாடசாலை, தொழினுட்பக் கல்லூரி, பட்டறை ஆகியவற்றில் உள்ள நடுத்தர லேத்துகளில் இன்று பெரிதும் காணப்படுவது இதுவே. இதன் புகழ்பெற்ற வடிவம் காம்லொக் எனப்படும். அகன்ற தட்டையான முகமும், அதன் நடுவே சிறிது உயர்ந்து நிற்கும் குறுகிய கூம்பும், முகத்திலே வட்டமாக அமைந்த துளைகளும் இதன் அடையாளம். சக்கின் முதுகிலுள்ள முளைகள் அத்துளைகளினுட் செல்லும். வெளிப்புறத்திலிருந்து சதுரச் சாவியால் ஒவ்வொரு காமையும் திருப்பினால், அது முளையைப் பற்றி உள்ளே இழுத்துப் பூட்டும்.

காம்லொக்கின் அளவுகள் டீ 1-3, டீ 1-4, டீ 1-5, டீ 1-6, டீ 1-8 எனச் செல்லும். முளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலே பாதி ஐயம் தீரும்: டீ 1-3க்கும் டீ 1-4க்கும் மூன்று முளைகள், டீ 1-5 முதல் ஆறு முளைகள். மீதி ஐயத்தைக் கூம்பின் பருத்த விட்டம் தீர்க்கும். டீ 1-3க்கு அது ஏறக்குறைய 54 மில்லிமீற்றர். டீ 1-4க்கு 63.5, டீ 1-5க்கு 82.6; டீ 1-6க்கு 106.4, டீ 1-8க்கு 139.7 மில்லிமீற்றர். முளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டத்தையும் அளந்து சரிபார்த்தல் நன்று. டீ 1-4க்கு அது 82.55 மில்லிமீற்றர், டீ 1-5க்கு 104.8 மில்லிமீற்றர்.

இந்த எண்களிலே ஒரு பொறி மறைந்திருக்கின்றது, நேயர்கள் கவனிக்கவேண்டும். டீ 1-4இன் முளைவட்டமும் டீ 1-5இன் கூம்பு விட்டமும் ஏறத்தாழ ஒரே எண்ணாகவே அமைந்துள்ளன. “82 மில்லிமீற்றர்” என்று மட்டும் எழுதி, எதன் விட்டம் என்று எழுதாது விட்டால், விற்பவர் தவறான சக்கை அனுப்புவதற்கு நாமே வழிவகுத்தவர்களாவோம்.

காம்லொக்கிற்கு உடன்பிறந்தாரும் உளர். ஏ 2 என்ற குறியுடைய மூக்கில் காம் இல்லை. சக் மரையாணிகளால் நேரே முகத்தில் இறுக்கப்படும். கணினியால் இயங்கும் இன்றைய லேத்துகளில் இதனை மிகுதியாகக் காணலாம். வேறொரு வகையில், முகத்தின் பின்னாலுள்ள துளை வளையம் ஒன்று சிறிது சுழன்று, சக்கின் முளைகளிலுள்ள சுரைகளைத் தடுத்துப் பிடிக்கும். ஐ.எஸ்.ஓ. 702 என்னும் சர்வதேச நியமம் இவ்வகைகளைத் தனித்தனிப் பகுதிகளில் வரையறுக்கின்றது. ஒரே எண் உடைய உடன்பிறந்தார்க்குக் கூம்பு ஒன்றே. பூட்டும் முறையே வேறு. கூம்பு பொருந்துகின்றது என்று மகிழ்ந்து வாங்கியபின், பூட்டுவதற்கு வழியில்லாமல் நிற்கும் நிலை இதனால் ஏற்படும்.

நான்காவது, தட்டை விளிம்பு மூக்கு. சீனாவிலிருந்து வரும் சிறு மேசை லேத்துகளில் இது பெருவழக்கு. ஸ்பிண்டிலின் முகத்தில் வட்டமான தாழ்ந்த படி ஒன்று உயர்ந்து நிற்கும். அது சக்கின் முதுகிலுள்ள குழியினுட் சென்று அமரும். மரையாணிகள் இரண்டையும் இணைக்கும். 80 மில்லிமீற்றர்ச் சக்கிற்குக் குழியின் விட்டம் வழக்கமாக 55 மில்லிமீற்றர், ஆணிவட்டம் 66 மில்லிமீற்றர். 100 மில்லிமீற்றர்ச் சக்கிற்கு 72, 84. 125 மில்லிமீற்றர்ச் சக்கிற்கு 95, 108. ஆகவே சக்கின் பருமன் மாறும்போது குழியும் மாறுகின்றது. 80 மில்லிமீற்றர்ச் சக்கைக் கழற்றிவிட்டு 100 மில்லிமீற்றர்ச் சக்கை வைக்க விரும்புவோர், இரண்டுக்கும் இடையே பொருத்துத்தட்டு ஒன்றையும் சேர்த்தே வாங்கல் வேண்டும்.

இனி, அளக்கும் முறை. முதலில் மின்னிணைப்பைத் துண்டிக்க. படுகையின்மேல் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் இறங்குமாறு பழைய சக்கைக் கழற்றுக. கை நசுங்காமலும் படுகை வடுப்படாமலும் பலகை காக்கும். மூக்கை எண்ணெய் தோய்த்த துணியால் நன்கு துடைக்க. பின்னர் வேணியர் இடுக்கிமானியால் மேற்கூறிய அளவுகளை எடுக்க. கழுத்துக்கு நுண்மானித் திருகுக் கணிச்சி இருப்பின் மேலும் நன்று. புரியின் எண்ணிக்கைக்கும் கோணத்துக்கும், பற்கள் வெட்டிய தகடுகளாலான புரிமானியை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க. தகட்டுக்கும் புரிக்கும் இடையே ஒளி தெரிந்தால் அது உரிய தகடன்று. ஒவ்வோர் அளவையும் மும்முறை எடுத்து, படம் வரைந்து, படத்திலேயே குறித்துக்கொள்க.

பழைய சக்கை மட்டும் அளந்து மூக்கை அளக்காமல் விடுதல் தகாது. முன்னே இருந்தவர்கள் இடைத்தட்டு ஒன்றைச் செய்து பொருத்தியிருக்கலாம். லேத்தின் பெயர்த்தகட்டை மட்டும் நம்புதலும் தகாது. ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெளிவந்த லேத்துகள் வெவ்வேறு மூக்குகளைப் பெற்றிருப்பதுண்டு. பெயர்த்தகடு வழிகாட்டும், முடிவு கூறவேண்டியது அளவுகோலே.

பருமனிலும் ஆசை கூடாது. மைபோட் எம்.எல். 7இன் மைய உயரம் 3½ அங்குலம். அதாவது, சுழலும் எந்தப் பொருளும் மையத்திலிருந்து அவ்வளவு தூரத்துக்கு அப்பாற் சென்றால் படுகையில் மோதும். சக்கின் உடல் அடங்கினாலும், விரிந்த தாடைகள் உடலுக்கு வெளியே நீளும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பெரிய சக் தாங்கிகளுக்கும் பாரமாகும். வார்ப்பிரும்பாலான சக்கின் மீது பொறிக்கப்பட்ட உச்ச வேகம், லேத்தின் உச்ச வேகத்துக்குக் குறைவாக இருக்கின்றதா என்பதையும் பார்த்தே வாங்கல் வேண்டும். குறைவாயின், அந்த எல்லையைப் பொறியின்மேல் எழுதி ஒட்டுதல் கடமை.

உரிய மூக்கிற்கு நேரே பொருந்தும் சக் கிடைக்காவிடின் வழியில்லை என்று சோர வேண்டுவதில்லை. தட்டை முதுகுடைய சக் ஒன்றையும், மூக்கிற்கு ஏற்ற முற்றுப்பெறாத பின்தட்டு ஒன்றையும் வாங்கலாம். பின்தட்டை அந்த லேத்தின் மூக்கிலேயே ஏற்றி, அங்கேயே வைத்து முகத்தையும் படியையும் கடைந்து, சக்கின் குழிக்கு இசையச் செய்தல் வேண்டும். படி குழியினுள் தளர்வின்றிச் செல்லவேண்டும். ஆயினும் படியின் உயரம் குழியின் ஆழத்தைவிடச் சற்றுக் குறைந்திருக்கவேண்டும். அப்போதுதான் முகமும் முகமும் முழுவதும் படியும். எந்த மூக்கில் வாழப்போகின்றதோ அந்த மூக்கிலேயே கடையப்படுவதனால், இவ்வாறு செய்த பின்தட்டு மிக நேராக ஓடும்.

இப்போது நமது கட்டளையை மீண்டும் எழுதிப் பார்ப்போம். “6 அங்குல மூன்று தாடைச் சக் ஒன்று” என்பதற்குப் பதிலாக இவ்வாறு எழுதலாம்: “160 மில்லிமீற்றர், தாமாக மையப்படுத்தும் மூன்று தாடைச் சக். மூக்கு: காம்லொக் டீ 1-4, மூன்று முளைகள், கூம்பின் பருத்த விட்டம் 63.5 மில்லிமீற்றர், முளைவட்டம் 82.55 மில்லிமீற்றர். முளைகளும், உட்தாடை, வெளித்தாடைகளும், சாவியும் உடன் வேண்டும். லேத்தின் உச்ச வேகம் இவ்வளவு. படம் இணைக்கப்பட்டுள்ளது.” சில வரிகளே கூடின. ஆனால் விலைமனு கொடுப்போர் அனைவரும் ஒரே பொருளுக்கே விலை கூறுவர். பொருந்தாப் பொருளை மலிவாகக் காட்டி முன்னிற்பார்க்கு இடமிராது. பிழையான பொருள் வந்தால் அதைத் திருப்பி அனுப்புவதற்கு எழுத்தில் ஆதாரமும் இருக்கும்.

பொருள் வந்து சேர்ந்ததும் சோதித்தல் வேண்டும். மூக்கின் கூம்பிலே நீல மையை மெல்லெனப் பூசிச் சக்கை ஏற்றிக் கழற்றினால், எங்கே படிகின்றது என்பதை மை காட்டும். குறுங் கூம்பிற்குக் கூம்பும் முகமும் ஆகிய இரண்டும் படிதல் வேண்டும். காம்லொக்கின் காம்கள் இறுகும்போது அவற்றின் குறிக்கோடு, மூக்கின் ஓரத்திலுள்ள இரு குறிகளுக்கு இடையே நிற்கவேண்டும். அந்த எல்லைக்கு வெளியே நின்றால், உரிய முளையைக் கழற்றி, ஒரு சுற்று உள்ளேயோ வெளியேயோ திருகி, அதன் பூட்டாணியை மீண்டும் இறுக்குக. இறுதியாக, நேரான உருக்குத் தண்டொன்றைப் பிடித்து டயல்மானியால் தள்ளாட்டத்தை அளக்க. மூன்று தாடைச் சக் புதியதாயினும் சிறிது தள்ளாட்டம் இருக்கும்; நூற்றிலொரு மில்லிமீற்றர் அளவையில் சில பங்கு எனின் அது வழக்கமே. அதனினும் துல்லியம் வேண்டிய வேலைக்கு நான்கு தாடைச் சக்கே உரியது.

நேயர்களே, நமது பாடசாலைகளிலும் பட்டறைகளிலும் நிற்கும் பழைய லேத்துகளுட் பல, சக் தேய்ந்த ஒரே காரணத்தால் ஒதுக்கப்பட வேண்டியவை அல்ல. உரிய சக் கிடைத்தால் இன்னும் ஒரு தலைமுறை அவற்றிலே தொழில் பயிலலாம். அதற்கு வேண்டுவது, கட்டளை எழுதுபவரும் அதில் ஒப்பமிடுபவரும் ஒருமுறை பட்டறைக்குச் சென்று, சக்கைக் கழற்றச் செய்து, மூக்கைக் கண்ணாற் காணுதலே. அளக்கும் வேலையை மாணவரிடமே ஒப்படையுங்கள். வேணியர் இடுக்கிமானியைப் பரீட்சைக்கெனக் கற்றவர்கள், தங்கள் கை காக்கப்படுவதற்காகவும் ஒருமுறை அதனைப் பிடித்துப் பார்ப்பார்கள்.